பழைய ஸ்னோமொபைலுக்கு வாங்கிய ஆயில் சீல் குறைபாடு – புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: கிராங்க்ஷாஃப்ட் ஆயில் சீல்களுக்கான பணத்தைத் திருப்பித் தரவும், அவற்றின் விற்பனையை நிறுத்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

1969ஆம் ஆண்டு ஸ்கீ-டூ ஒலிம்பிக் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) ஒன்றை வீட்டிலேயே பிரித்துப் புதுப்பித்து வருகிறேன். அதன் ரோட்டாக்ஸ் ஒற்றை சிலிண்டர் இன்ஜினுக்காகத் தங்களிடம் கிராங்க்ஷாஃப்ட் எனும் சுழல் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்களும் கார்புரேட்டர் டயாஃப்ரமும் வாங்கினேன். டயாஃப்ரம் குறையின்றிப் பொருந்தியது. என் புகார் முழுவதும் சீல்களைப் பற்றியதே.

சீல்களை மாட்டியபின், இன்ஜினை இயக்குமுன் காற்றழுத்தச் சோதனை செய்தேன். காற்று உள்ளே வரும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் அடைத்து 6 பவுண்டு அழுத்தத்துக்கு (psi) காற்று ஏற்றினேன். அழுத்தமானியின் முள் உடனே இறங்கத் தொடங்கியது. சோப்பு நீர் தடவியபோது ஃபிளைவீல் பக்கத்துச் சீலைச் சுற்றிக் குமிழிகள் கிளம்பின. மாற்றாகத் தாங்கள் அனுப்பிய இரண்டாவது செட்டிலும் அதே கதைதான். சீலின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு சரியாக உள்ளது. ஆனால் ரப்பரின் உள்விளிம்பு தண்டைவிடச் சற்றுக் குறுகலாக இருந்தால்தானே அதை இறுகக் கவ்வும்? இதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கின்றன.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் இது சிறு கசிவு அல்ல. பெட்ரோலும் ஆயிலும் கலந்த கலவை முதலில் தண்டு சுழலும் அறையான கிராங்க்கேஸுக்குள் வந்துதான் மேலே போகிறது. சீல் வழியாக வெளிக்காற்று நுழைந்தால் கலவையில் பெட்ரோல் குறையும். அதோடு சேர்ந்து வரும் ஆயிலும் போதாது. இன்ஜின் கொதித்து பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும். சோதனை செய்யாமல் தங்கள் பட்டியலை நம்பி ஓட்டுபவருக்கு நேரப்போவது இதுதான். ஆள் நடமாட்டமில்லாத பனிவெளியில் வண்டி நின்றுபோவது உயிருக்கே ஆபத்து.

இதற்குத் தாங்கள் தந்த பதில் என்னை மிகவும் வருத்தியது. "வண்டி மிகப் பழையது, தண்டு தேய்ந்திருக்கும்" என்று எழுதியிருந்தீர்கள். தண்டை மைக்ரோமீட்டரால் அளந்தேன்; தேய்மானம் இல்லை. வேறொரு விற்பனையாளரிடம் வாங்கிய சீலை அதே தண்டில் மாட்டினேன். அழுத்தம் இறங்காமல் நின்றது. பழைய வண்டிகளுக்கென்றே பாகம் விற்கும் நிறுவனம், வண்டியின் வயதைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்வது நியாயமா? இந்த வண்டிகளை இன்னும் ஓட வைக்கப் பாடுபடுகிறவர்கள் தங்களைப் போன்றவர்களை நம்பித்தான் இருக்கிறோம்.

ஆகவே, சீல்களின் விலையையும் ஒவ்வொரு முறையும் பிரித்துப் பூட்டியதில் வீணான கேஸ்கட்டுகளின் விலையையும் திருப்பித் தர வேண்டுகிறேன். அதைவிட முக்கியமாக, இருப்பில் உள்ள சீல்களைச் சோதித்து முடிக்கும்வரை விற்பனையை நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை அனுப்புங்கள். குளிர்காலம் தொடங்கி அவர்கள் வண்டியை வெளியே எடுக்குமுன் அது போய்ச் சேர வேண்டும்.

பில் நகல், அளவுக் குறிப்புகள், சோதனையின் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். இரண்டு செட் சீல்களும் என்னிடம் பத்திரமாக உள்ளன. கேட்டால் அனுப்பி வைக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்