கச்சேரியடி ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

ஜப்பான் விசா ஒட்டிய கடவுச்சீட்டு சட்டைப்பைக்குள் இருக்கிறது. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவின கையோடு இதை எழுதத் தொடங்கினேன். வழியில் கண்ணை மூடவேயில்லை. பத்துத் தரமாவது கடவுச்சீட்டைத் திறந்து பார்த்திருப்பேன். பக்கத்துச் சீட்டுக்காரர் கடைசியில் பொறுக்கமுடியாமல், “தம்பி, அது எங்கையும் ஓடாது” என்றார்.

2025 ஒக்டோபரில் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். தொலைபேசி எடுத்த எல்லோரிடமும் புலம்பித் தீர்த்துவிட்டேன், திரும்பவும் தொடங்கப்போவதில்லை. ஜப்பானில் கம்பனி நடத்தப் போகிறவர்களின் விசாவுக்கு 50 இலட்சம் யென்னாக இருந்த முதலீடு 3 கோடி யென் ஆகிறது என்று 10ஆம் திகதி அங்கே அறிவித்தார்கள். 16ஆம் திகதியே நடைமுறை. எங்கள் காசில் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய், ஒரே மூச்சில் ஆறு கோடியாகிவிட்டது. இடையில் சனி, ஞாயிறு, திங்கட்கிழமை அங்கே விளையாட்டு நாள் விடுமுறை. செவ்வாயும் புதனும்தான் மிச்சம். கம்பனி பதிவாகிவிட்டது, இபராக்கியில் அலுவலகமும் எடுத்தாயிற்று. விண்ணப்பக் கோவையில் ஒரே ஒரு ஓட்டை: அந்த 50 இலட்சம் எங்கிருந்து வந்தது?

அண்ணா ரொறன்ரோவிலிருந்து 30 இலட்சம் அனுப்பினார், அக்கா பாரிஸிலிருந்து 20. அண்ணாவுக்குச் சம்பளப் பத்திரம் இருந்தது. அக்காவின் காசு சீட்டுக் காசு. சீட்டுக்கு யார் ரசீது தருவார்கள்? போதாக்குறைக்கு நாங்கள் மூன்று பேரும் கடதாசியில் சகோதரர்களே இல்லை. எனக்கு அப்பாவின் பெயர் முன்னுக்கு நிற்கிறது. அண்ணாவுக்குக் கனடாவில் அது பின்னுக்குப் போய்க் குடும்பப் பெயராகிவிட்டது. அக்காவுக்கு அத்தானின் பெயர். ஆலோசனைக்கென்று நான் காசு கட்டியிருந்த ஓர் இடத்தில், “அம்மாவின் நகையை விற்ற காசு என்று எழுதிவிடுவோம்” என்றார்கள். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு அம்மாவின் கழுத்திலும் கையிலும் இருந்ததெல்லாம் அரிசியாகவும் மாவாகவும் போய்விட்டது. அந்த நகையை இன்னொரு தரம் விற்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அறிவிப்பு வந்த அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வரையில் அதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

அக்காவின் பிறப்புப் பத்திரப் பிரதிக்காகக் கச்சேரியடிக்கு, அதுதான் மாவட்டச் செயலகத்தடிக்கு, போயிருந்தேன். அங்கே கண்டி வீதியோரம் விண்ணப்பப் போம் நிரப்பிக் கொடுக்கிற ஐயா ஒருவர் இருக்கிறார். மடக்குக் கதிரை, மடியில் ஒரு பலகை, சட்டைப்பையில் நீலப் பேனை ஒன்றும் சிவப்புப் பேனை ஒன்றும். நான் அவரிடம் போகவில்லை. அவருக்குப் பக்கத்தில் நிழல் இருந்தது, அதில் நின்று ஜப்பானில் இருக்கும் நண்பனோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தேன். கதைத்து முடிந்ததும், “என்ன தம்பி, காசுக்கு வழி காட்டச் சொல்லுறாங்களோ?” என்று கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“இரும்” என்றார். நிலத்தில் இருந்தேன்.

ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டார். அப்பா எப்போது தவறினவர், அக்கா எந்த வருசம் வெளியே போனவ, சீட்டு எத்தனை பேர், மாதம் எவ்வளவு, கழிவு போக எவ்வளவு கையில் வந்தது. நான் காசு கட்டிய முகவர் நிலையத்தில் ஒருவரும் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. நகைக் கதையையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “சீட்டெண்டால் சீட்டெண்டே எழுதும். மறைச்சாத்தான் தம்பி களவு மாதிரித் தெரியும்” என்று மட்டும் சொன்னார். அதற்குள் மழை தூறத் தொடங்கியது. என் பத்திரங்களை ஒரு சொப்பின் பைக்குள் போட்டுச் சுற்றித் தந்து, அடுத்த நாள் வீட்டுக்கு வரச்சொன்னார்.

சனிக்கிழமை அவர் வீட்டு விறாந்தையில் இரண்டு புல்ஸ்காப் தாள்கள் எழுதினார். முதலாவதில் எங்கள் பெயர்கள். ஒவ்வொருவருக்கும் ஊரில் என்ன பெயர், வெளிநாட்டில் என்ன பெயர், அது ஏன் மாறியது, எந்தப் பத்திரத்தில் எந்த வரி அதைக் காட்டுகிறது என்று சிவப்புக் கோடு போட்ட நிரல்கள். இரண்டாவது தாள் முழுக்கக் காசு. அக்கா மாதாமாதம் வங்கியில் எடுத்த தொகையும் சீட்டுக்குக் கட்டிய தொகையும் திகதியோடு பக்கத்துப் பக்கத்தில். மேலே, சீட்டென்றால் என்னவென்று ஆறு வரி: தெரிந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் ஒரு தொகை போடுவது, மாதம் ஒருவர் அதை எடுப்பது, எடுத்தவரும் கடைசி மாதம்வரை கட்டுவது, நம்பிக்கையைத் தவிர அதற்கு வேறு பிணை இல்லை என்பது. சின்ன வயதிலிருந்து பார்த்துவந்த விசயம்தான். அவ்வளவு தெளிவாக அதை ஒருவர் எழுதி நான் வாசித்தது அன்றைக்குத்தான்.

ஜப்பானில் அரச அலுவலகங்களுக்குக் கொடுக்கும் பத்திரங்களை எழுதுவதற்கென்றே கியோசெய் ஷோஷி என்றொரு தொழில் இருக்கிறது. பரீட்சை எழுதித் தேறவேண்டும். கோட்டுச் சட்டையில் கொஸ்மோஸ் பூ வடிவில் ஒரு சின்னம் குத்தியிருப்பார்கள். எங்கள் கோவையைப் பார்த்தவரும் அப்படி ஒருவர்தான். ஐயாவின் தாள்களை நான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப, நண்பன் அதை ஜப்பானிய மொழிக்கு மாற்றிக் கொடுத்தான். வாசித்துவிட்டு அவர் கேட்டாராம், “இது எங்கள் தனோமொஷிதானே? உங்கள் ஊரிலும் இருக்கிறதா?” அங்கேயும் பழைய காலத்தில் ஊரார் சேர்ந்து இப்படித்தான் காசு போட்டு முறைக்கு எடுத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லையே விளக்கக் கடிதத்தில் சேர்த்துவிட்டார். செவ்வாய்க்கிழமை கோவை உள்ளே போனது. பிறகு சீட்டைப் பற்றிக் குடிவரவு அலுவலகத்திலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. நகைக் கதையை எழுதியிருந்தால் விற்ற கடையின் பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டிருப்பார்கள்.

கோட்டுச் சின்னக்காரருக்கும் கச்சேரியடி ஐயாவுக்கும் வேலை ஒன்றுதான். இதை அன்றைக்கு இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் அந்த வேலைக்கு ஒரு பெயர்கூட இல்லை. “போம் நிரப்புறவர்” என்கிறோம், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை ஐயாவிடம் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தேன். உள்ளே போய் நாலாயிரத்து எண்ணூறு மிச்சம் கொண்டுவந்து தந்தார். “ஒரு போமுக்கு இருநூறு.” இரண்டு தாள் ஐயா என்றேன். “விசயம் ஒண்டுதானே” என்றார். இலவசமாகச் செய்திருந்தால் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். எல்லோரிடமும் வாங்கும் கூலியை என்னிடமும் கணக்காக வாங்கிக்கொண்டதுதான் இன்னும் நெஞ்சுக்குள் நிற்கிறது.

மற்றவர்களை விட்டுவிடவில்லை. என் பெயரில் அங்கே பதிந்த முத்திரை இல்லாததால் கையெழுத்தை மூன்று தரம் அத்தாட்சிப்படுத்தித் தந்து, மூன்றாம் தரமும் முகம் சுளிக்காத நொத்தாரிசு அம்மாவுக்கு, தபால்பெட்டியில் கம்பனிப் பெயர் இருக்கும் படமும் வேண்டும் என்றதும் இரவோடிரவாகப் பெயரை ஒட்டிப் படமெடுத்து அனுப்பிய நண்பனுக்கு, ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து ஸ்கான் பண்ணித் தந்த தங்கச்சிக்கு, கடிதத்தில் என் பெயரின் ஓர் எழுத்துக்காகத் திரும்பவும் கையெழுத்துப் போட்ட விதானையாருக்கு, அண்ணாவுக்கும் அக்காவுக்கும், ஒன்றும் கேட்காமல் ஆறு நாளும் சோறு போட்ட அம்மாவுக்கு. எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

சிலர் தங்கள் பிள்ளைகளுக்கும் இந்த வழியைக் கேட்கிறீர்கள். நான் போன கதவு மூடிவிட்டது. இப்போது 3 கோடி யென்னோடு, ஒரு முழுநேர ஊழியராவது வேண்டும், மூன்று வருச முகாமை அனுபவம் அல்லது முதுகலைப் பட்டம் வேண்டும், உங்களுக்கோ ஊழியருக்கோ நல்ல ஜப்பானிய மொழி தெரிந்திருக்கவும் வேண்டும். யாராவது இதையெல்லாம் சமாளிக்கலாம் என்று சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். எனக்கும் இனி அந்த 3 கோடியை நோக்கித்தான் ஓட்டம். பழைய உழவு இயந்திரங்களையும் உதிரிப்பாகங்களையும் வாங்கி ஊருக்கு அனுப்பும் வியாபாரத்தில் அது எத்தனை வருசமோ. ஒன்று மட்டும் செய்யப்போகிறேன். முதல் நாளிலிருந்தே சிவப்புக் கோடு போட்ட ஒரு கொப்பி வைத்து, உள்ளே வரும் ஒவ்வொரு யென்னுக்கும் அது வந்த வழியை அன்றன்றைக்கே எழுதுவேன். கோவையோடு தடுமாறுகிற ஊர்ப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு கதைக்கலாம், இருந்து வாசித்துத் தருவேன்.

இதைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கச்சேரியடிக்குப் போய்வந்தேன். ஐயா ஒரு வயதான அம்மாவுக்கு ஓய்வூதியப் போம் நிரப்பிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் இரண்டு பேர். வரிசையில் நிற்கச்சொல்லிக் கையைக் காட்டினார், நின்றேன். என் முறை வந்ததும் கடவுச்சீட்டை வாங்கி, விசாவில் இருந்த பெயரைப் பேனை முனையால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் பார்த்தார்.

“பேர் சரி” என்றார். மூடித் தந்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.