எங்கள் மகனுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் கவுன்சலர் அவர்களுக்கும் நூலகர் அவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் மகன் இந்த ஆண்டோடு தொடக்கப் பள்ளியை முடிக்கிறான். உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, உங்களுக்குப் புரியும் மொழியில் கடிதம் கொடுத்துவிட்டோம். இதைத் தமிழில் எல்லோரும் பார்க்க எழுதக் காரணம் உண்டு. ஆங்கிலமும் பிரெஞ்சும் பாதிப் பாதியாக நடக்கும் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, வீட்டில் தமிழும் பேசிக்கொண்டு, பிள்ளை குழம்பிவிடுமோ என்று தூக்கம் தொலைத்த பெற்றோர் நாங்கள் மட்டும் இல்லை. நீங்கள் செய்தது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

உங்களிடம் வந்தபோது அவன் வாய் ஓயாமல் பேசுவான். நான்கு வரி வாசிக்கச் சொன்னால் மட்டும் வாயடைத்துப் போவான். அதற்கு முன்பு படித்த இடத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே ஆலோசனை, வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்பதுதான். அவன் பாட்டியிடம் சண்டை போடுவது தமிழில், பயந்தால் கூப்பிடுவது தமிழில். அதை நிறுத்தச் சொன்னவர்கள், அவன் தமிழில் எப்படி வாசிக்கிறான் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கற்றல் ஆதரவு ஆசிரியை அவர்களே, நீங்கள் முதலில் கேட்டதே அதைத்தான். "தமிழ் வாசிப்பானா?" என்றீர்கள். வாசிப்பான், ஆனால் மெதுவாக என்றோம். சரி, அடுத்த முறை ஒரு தமிழ்க் கதைப் புத்தகம் கொண்டுவாருங்கள் என்றீர்கள். உங்களுக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் எந்த இடத்தில் நிற்கிறது, எந்தச் சொல்லை விட்டுவிட்டு மறுபடி தொடங்குகிறான், எங்கே ஜன்னலைப் பார்க்கிறான் என்று குறித்துக்கொண்டே இருந்தீர்கள். தப்பாக வாசிக்கும் இடங்களில் மட்டும் பென்சிலால் கோடு போடும்படி அவன் அப்பாவிடம் சொன்னீர்கள். அந்தப் பக்கத்தில் கோடுகள் அதிகம் விழவில்லை. நேரம்தான் ஏகத்துக்குப் பிடித்தது. ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தபோது நேரமும் போனது, தப்பும் மலிந்தது.

அன்று நீங்கள் விளக்கியதை இங்கே அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். புது மொழி இன்னும் பிடிபடாததுதான் சிக்கல் என்றால், அது அந்தப் புது மொழியில் மட்டும் தெரியும். வீட்டு மொழியிலும் வாசிப்பு திணறினால் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழில் எழுத்தைப் பார்த்தாலே ஒலி பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது, ஆங்கிலம் அப்படி இல்லை. அதனால் டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தையும் ஒலியையும் இணைத்து வாசிப்பதில் வரும் கற்றல் சிரமம், உள்ள பிள்ளை தமிழில் மெதுவாக, ஆனால் ஓரளவு சரியாக வாசித்துவிடலாம். அதே பிள்ளை ஆங்கிலத்தில் தடுக்கி விழலாம். தமிழில் சரியாகத்தானே வாசிக்கிறான் என்று நாங்களும் விட்டிருப்போம். உளவியலாளரின் முறையான மதிப்பீட்டில் டிஸ்லெக்சியா என்று உறுதியானபோது நீங்கள் எங்களுக்குச் சொன்ன சேதி இது: மொழிகள் கூடியதால் இது வரவில்லை, ஒரு மொழியைக் குறைத்தால் போகவும் போகாது. அன்று வீட்டுக்கு வந்து அவன் பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் அழுதுவிட்டார்.

அப்புறம் நடந்ததெல்லாம் பொறுமையான வேலை. மணல் தட்டில் விரலால் எழுத்தை எழுதிக்கொண்டே ஒலியை வாய்விட்டுச் சொல்ல வைத்தீர்கள். கண், காது, கை மூன்றையும் சேர்த்து, ஒவ்வோர் ஒலியாக அடுக்கிக்கொண்டு போகிற அந்த வழி, 1930களில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் கல்வியாளர் ஆனா கில்லிங்ஹாமும் தொடங்கிவைத்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். நான் மனதில் வைத்திருப்பது இன்னொன்று. அவனுக்கு உயிரான ஓவிய வகுப்பு நேரத்தில் நீங்கள் அவனை ஒருநாளும் தனிப் பயிற்சிக்குக் கூப்பிட்டதில்லை. டைம்டேபிளை மாற்றிப் போட்டது நீங்கள், அவன் எதையும் இழக்கவில்லை.

வகுப்பாசிரியர்கள் இருவருக்கும் நன்றி. நன்றாகப் பேசுகிறானே, எழுத்தில் ஏன் வரவில்லை என்று நாங்கள் பொறுமை இழந்தபோது, ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் 1979இல் பிரித்துக் காட்டியதைச் சொன்னீர்கள். விளையாட்டுத் திடலில் பேசும் மொழி ஓரிரு ஆண்டில் வந்துவிடும், பாடப்புத்தக மொழி கைவர 5 முதல் 7 ஆண்டுகள்கூட ஆகும், இது டிஸ்லெக்சியா இல்லாத பிள்ளைகளுக்கே உள்ள கணக்கு என்றீர்கள். அவசரத்தை அங்கேயே விட்டோம். பிரெஞ்சு ஆசிரியர், அறிவியல் குறிப்பை எந்த மொழியில் வேண்டுமானாலும் முதலில் எழுதிக்கொள்ள விட்டார். ஆவியாதல் பற்றிய அவன் தாளில் படத்துக்குப் பக்கத்தில் தமிழில் 'வெயில் பட்டு நீர் மேலே போகிறது' என்றிருக்கும். அதன் கீழே அம்புக்குறி போட்டு பிரெஞ்சு வரி. அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். ஆங்கில ஆசிரியை, வகுப்பில் அவன் சத்தமாக வாசிக்க வேண்டிய பத்தியை முந்தின நாளே அவன் கையில் கொடுத்துவிடுவார். திடீரென்று அவன் பெயரைக் கூப்பிட்டதே இல்லை.

கவுன்சலர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையானால் வரும் வயிற்றுவலியை டாக்டரிடம் காட்டி, ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு உங்களிடம் வந்தோம். "இவன் என்னிடம் சொல்வதையெல்லாம் உங்களிடம் சொல்ல மாட்டேன். இவனுக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்வேன்" என்று அவனையும் வைத்துக்கொண்டே சொன்னீர்கள். பெற்றவளாக எனக்கு அது முதலில் உறுத்தியது. ஆனால் அவன் முகம் அந்த நொடியே தெளிந்ததைப் பார்த்தேன். தான் முட்டாள் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான் என்பதை, பல வாரங்கள் கழித்து, உங்கள் அறையில் வைத்து அவனே எங்களிடம் சொன்னான். வாசிப்புப் பயிற்சி எவ்வளவு நடந்திருந்தாலும் அந்த நினைப்பு உள்ளே இருந்திருந்தால் எதுவும் ஒட்டியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். நீங்களும் ஆதரவு ஆசிரியையும் வாரம் தவறாமல் பேசி வைத்துக்கொண்டதால்தான், வலி வந்த வாரத்தில் பயிற்சி குறைந்தது, தெம்பாக இருந்த வாரத்தில் கூடியது.

நூலகர் அவர்களே, சின்னப் பிள்ளைகளின் அலமாரிப் பக்கம் நீங்கள் அவனை அனுப்பியதே இல்லை. ஆழ்கடல் பற்றிய தடித்த புத்தகத்தையும் அதன் ஒலிப் பதிவையும் சேர்த்துக் கொடுத்தீர்கள். காதில் கேட்டுக்கொண்டே கண்ணால் வரியைத் தொடர்ந்தான். இப்போது ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பது வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கரும்பலகையில் இருப்பதை மெல்லப் படித்துச் சொன்ன பிள்ளைக்கும் அவள் பெற்றோருக்கும் எங்கள் அன்பு.

அடுத்த ஆண்டு நடுநிலைப் பள்ளி. தேர்வில் 25 சதவீதக் கூடுதல் நேரம் கேட்க வேண்டியிருக்கும். பல நாட்டுப் பள்ளிகளுக்குப் பாடத்திட்டமும் தேர்வும் வகுக்கும் இன்டர்நேஷனல் பக்காலோரியா போன்ற அமைப்புகள், வகுப்பில் ஏற்கெனவே வழக்கமாக இருக்கும் உதவியைத்தான் தேர்விலும் அனுமதிக்கின்றன. அதை முன்பே யோசித்து, வகுப்புத் தேர்வுகளிலேயே அவனுக்கு அந்த நேரத்தைக் கொடுத்துப் பதிவும் செய்து வைத்திருக்கிறீர்கள். அவனுடைய கற்றல் திட்டம் புது ஆசிரியர்களின் கைக்குப் போய்விட்டது, அதில் அவனே சொல்லி எழுதிய ஒரு பக்கமும் இருக்கிறது. புதிதாகச் சேரும் தமிழ்க் குடும்பங்களில் யாருக்காவது மதிப்பீட்டின்போது தமிழ் வாசிப்பைக் கேட்க ஆள் தேவைப்பட்டால் எங்களைக் கூப்பிடுங்கள். பென்சிலோடு வந்து உட்காருகிறோம்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
அவனுடைய அம்மாவும் அப்பாவும் பாட்டியும்