மோட்டார் ஓடுது, தண்ணி வரல

அன்புள்ள மாப்ளைக்கு,

ஃபோன்ல சொன்னா பாதியிலயே சிரிச்சுக் கெடுத்துடுவ. அதனாலதான் உக்காந்து எழுதறேன். உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, இப்ப சீரியல்ல மாமியாக்காரி கட்டியிருக்கற சீலை விலை வரைக்கும் சொல்றாங்க. போய்ப் பாத்துட்டு வந்தேன், கவலைப்படாத. என் மக பத்தாவது, வீட்ல டிவி கட். தங்கச்சியக் கேட்டதாச் சொல்லு. நலம் விசாரிப்பு அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வர்றேன். கம்பெனியில 5 ஆக்சிஸ் சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டற) மெஷின் வாங்கறாங்க. ஆயுத பூஜைக்குள்ள இறக்கிடுவாங்களாம். அதுக்கு ட்ரெய்னிங் போக என் பேரை எழுதியிருக்காங்க, கூடவே 3 வருஷம் கம்பெனியை விட மாட்டேன்னு பாண்டு. 38 ஆயிரம் வாங்கறவன் 46 ஆயிரம் வாங்கலாம். வேற எவனா இருந்தாலும் மேனேஜர் பாக்கெட்ல இருந்து பேனாவை உருவி அங்கயே கையெழுத்துப் போட்டிருப்பான். நான் "யோசிச்சுச் சொல்றேன் சார்"னேன். அவர் மூஞ்சி போன போக்கை நீ பாக்கணுமே! டெஸ்ட் பீஸ்ல நீ ட்ரில்லை உடைச்சப்ப வாத்தியார் பாத்த பார்வை. அதே அதே.

யோசிக்கறதுக்குக் காரணம், சாப்பிட்டுட்டு ராத்திரி நான் பாக்கற வேலை. சிரிக்காதடா. இன்டர்நெட் மார்க்கெட்டிங்.

மாமா கடையிலதான் ஆரம்பிச்சுது. கோயமுத்தூர் கணபதியில அதே பம்ப் ஸ்பேர்ஸ், மோட்டார் ரீவைண்டிங் கடை. யாரோ வந்து பேசி அவரை கூகுள் விளம்பரத்துல இழுத்து விட்டிருந்தாங்க, மாசம் 12 ஆயிரம் போய்ட்டிருந்துச்சு. "வர்ற ஃபோனெல்லாம் ஒரு தினுசா இருக்குதுடா"ன்னு கூப்பிட்டாரு. ஒருத்தன் ஃபோன் போட்டு "பங்க்ல காத்து புடிப்பீங்களா"ங்கறானாம். ஒரு பொண்ணு, குழந்தைக்குப் பால் எடுக்கற பம்ப் என்ன விலைன்னு கேட்டுச்சாம். மாமாவுக்கு வேர்த்து ஊத்தி, ஃபோனை அத்தைகிட்டக் குடுத்துட்டு ரோட்டுக்கே போயிட்டாரு. அத்தை இன்னைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்குது.

பாஸ்வேர்டு வாங்கி உள்ள போய்ப் பாத்தேன். எந்தெந்த வார்த்தையைத் தேடினவன் நம்ம விளம்பரத்தை அமுக்கினான்னு ஒரு பட்டியல் இருக்கும். அதைத் திறந்தா பெட்ரோல் பம்ப், சைக்கிள் பம்ப், மீன் தொட்டி பம்ப், மோட்டார் இன்சூரன்ஸ், மோட்டார் வாகன ஆய்வாளர் தேர்வு. எல்லாத்துக்கும் மாமா காசு கட்டியிருக்காரு! 'பம்ப்', 'மோட்டார்'னு மொட்டையா ரெண்டு வார்த்தையைக் குடுத்துட்டு, "சம்பந்தம் இருக்கற மாதிரி எது தேடினாலும் காட்டு"ன்னு விட்டுட்டாங்க. இன்னொரு கூத்து, ஊரு. கோயமுத்தூர்ல இருக்கறவனுக்கு மட்டும் காட்டுன்னு நீ தனியாச் சொல்லணும். சொல்லலேன்னா, கோயமுத்தூர் மேல ஆர்வம் காட்டறவனுக்கும் சேத்துக் காட்டும். டெல்லியில உக்காந்து ஈஷாவுக்கு வழி தேடறவனுக்கெல்லாம் மாமா கடை விளம்பரம் போயிருந்தாலும் ஆச்சரியமில்ல.

வேண்டாத வார்த்தையெல்லாம் தடுத்தேன். ஊரைச் சுருக்கினேன். 12 ஆயிரம் 7 ஆயிரமாச்சு, வர்ற ஃபோன் எல்லாம் பம்ப் கேக்கற ஃபோனாச்சு. எனக்கே பிடிபடல, இவ்வளவு லேசான வேலைக்கா ஆளுங்க கட்டணம் வாங்கறாங்கன்னு.

ஆனா நான் உனக்குச் சொல்ல வந்தது அது இல்ல. அந்தப் பட்டியல்லயே திரும்பத் திரும்ப ஒண்ணு வந்துச்சு. இங்கிலீஷ் எழுத்துலயே அடிக்கறாங்க: "மோட்டார் ஓடுது தண்ணி வரல". எத்தனை விதமான எழுத்துப் பிழையோட தெரியுமா? அதை அடிக்கறவன் யாரு, நெனச்சுப் பாரு. காட்டுல நின்னுட்டு, பயிர் வாடுது, மெக்கானிக் ஃபோனை எடுக்க மாட்டேங்கறான். அவனுக்கு நம்ம கடை "தரமான பம்ப்செட், நியாயமான விலை"ன்னு காட்டி என்ன புண்ணியம்?

உக்காந்து அதே தலைப்புல ஒரு பக்கம் எழுதினேன். நம்ம ஆளுங்க பேசற தமிழ்லயே. தரையில வெக்கற மோனோபிளாக் பம்ப்னா மொதல்ல பைப் அடியில இருக்கற ஃபுட் வால்வு, அடுத்து பிரைமிங் (பம்ப்ல தண்ணி ரொப்பறது), அப்புறம் சக்‌ஷன் ஜாயின்ட்ல காத்து இழுக்குதான்னு பாரு. தண்ணிக்குள்ள இறக்கற சப்மெர்சிபிள்னா போர்ல தண்ணி மட்டம் இறங்கியிருக்கா, பைப்ல எங்கயாவது ஓட்டை விழுந்திருக்கா, இம்பெல்லர் தேஞ்சிருக்கா. அதோட ஒரு வரி சேத்தேன்: கரண்ட் லைன்ல ஏதாவது வேலை நடந்ததுக்கப்புறம் தண்ணி கம்மியானா, பேஸ் மாறி மோட்டார் தலைகீழா சுத்துதான்னு எலக்ட்ரீசியனை விட்டுப் பாக்கச் சொல்லு.

அந்த ஒரு வரிக்கு அன்னூர் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் ஃபோன் பண்ணாருடா. ஈபிகாரங்க ட்ரான்ஸ்ஃபார்மர் மாத்திட்டுப் போனதுல இருந்து தண்ணி ஒண்ணுக்குப் போற மாதிரி வருதுன்னு (அவர் சொன்ன வார்த்தைதான், நான் சேக்கல). மோட்டார் போச்சுன்னு ஒருத்தன் சொல்லி, ஏத்தறதுக்குக் கிரேன் வரைக்கும் சொல்லி வெச்சிருந்தாங்க. ஆள விட்டு ஸ்டார்ட்டர்ல ரெண்டு பேஸை மாத்திப் போடச் சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாரு. "தம்பி, நொரை தள்ளிட்டு வருது"ன்னாரு. மாமாவுக்கு அதுல அஞ்சு பைசா வரல. ரெண்டு மாசம் கழிச்சு அவரே வந்து புதுசா ஏழரை எச்.பி. செட் ஒண்ணு எடுத்துட்டுப் போனாரு, கூட மச்சானையும் கூட்டிட்டு வந்தாரு.

அதுல இருந்து வாய்வழியாவே ஆள் சேந்து, மாமாவோட நாலு பேர். மாமா போக ஒரு கம்ப்ரசர் சர்வீஸ்காரர், குறிச்சியில ஒரு பவுண்டரி, வெட் கிரைண்டர் பண்றவர் ஒருத்தர். தலைக்கு 8 ஆயிரம்னு மாசம் 32 ஆயிரம் வருது. ராத்திரி மட்டும் பாத்து! பகலும் பாத்தான்னு மனசு கணக்குப் போடுதா இல்லையா? போடுது. தூக்கம் கெட்டுப் போச்சு.

இப்படி மனசு அலையும்போதுதான் அந்த ஆளுங்க கண்ல படறாங்க. 99 ரூபா மாஸ்டர்கிளாஸ், "வேலையை விட்டு விடுதலை". நானும் கட்டிப் போய் உக்காந்தேன். ரெண்டு மணி நேரம் அவன் கார் கதை, அவன் கஷ்டப்பட்ட கதை. கடைசியில 45 ஆயிரம் ரூபா கோர்ஸ், இன்னைக்கு மட்டும் 18 ஆயிரம், 15 நிமிஷம்தான் இருக்குன்னு சிவப்புல கடிகாரம் ஓடுது. பக்கத்தை ரீஃப்ரெஷ் பண்ணேன். கடிகாரம் மறுபடி 15ல இருந்து ஆரம்பிச்சுது. மூணு வாட்டி பண்ணிப் பாத்துட்டு மூடிட்டேன். அவன் சொல்லித் தர்றது என்னன்னா, கோர்ஸ் விக்கறது எப்படிங்கற கோர்ஸ். அவன் கிட்டப் படிச்சவன் அதையே இன்னொருத்தனுக்கு விக்கணும். ஒரு இடத்துலயும் ஒரு பொருளைக் கண்ல காட்டல. நம்ம ஊரு ஈமு கோழி மோசடிக்குக்கூட கோழின்னு ஒண்ணு இருந்துச்சேடா.

குட்டியை மறந்திருக்க மாட்ட. அவன் அஃபிலியேட்ல இருந்தான். இங்கிலீஷ்ல "சிறந்த 10 மிக்ஸி", "சிறந்த 10 ட்ரிம்மர்"னு எழுதி, அதுல லிங்க்கை அமுக்கி ஆள் வாங்கினா கமிஷன். ஒரு காலத்துல என் சம்பளத்துக்கு ரெண்டு மடங்கு எடுத்தான், புல்லட் வாங்கினான், நம்மளையெல்லாம் "கூலன்ட் நாத்தம்"னு கிண்டல் பண்ணான். 2023 செப்டம்பர்ல கூகுள் தரம் பாக்கற முறையை மாத்துச்சு, உலகம் பூரா சின்னச் சின்னத் தளமெல்லாம் கீழ போச்சு. அவனோடதும் போச்சு. போய்க் கேட்டா, யாரையும் திட்டல. "மாம்ஸ், அந்த பத்து மிக்ஸியில ஒண்ணைக்கூட நான் கையால தொட்டதில்ல"ங்கறான். இப்ப அவன் மச்சான் கடையில கணக்குப் பாக்கறான். புல்லட்டை மட்டும் விக்கல.

குட்டி ஒழுங்காப் பண்ணல, சரி. ஒழுங்காப் பண்ணவன் கதியும் நம்ம கையில இல்ல, அதுதான் எனக்குப் பயம். 2024 ஆகஸ்ட்ல இருந்து நம்ம நாட்லயும் கூகுள்ல தேடினா மேலயே ஏஐ பதிலை எழுதிக் குடுக்குது. படிச்சுட்டு அப்படியே போறவன் போயிடுவான், கீழ இருக்கற பக்கத்தை எதுக்கு அமுக்கணும்? என் தண்ணி வரல பக்கத்தையும் நாளைக்கு அப்படி உறிஞ்சி மேல போட்டுட்டா, அன்னூர் பெரியவர் பதிலைப் படிப்பாரு, மாமா நம்பரைப் பாக்க மாட்டாரு. விளம்பரமும் ஏலம்தான். பக்கத்துக் கடைக்காரன் காசு ஏத்தினா நானும் ஏத்தணும். அதுல பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி வேற.

இதை அப்பாகிட்டச் சொன்னேன். "வேலை நிலையில்லாதது, கம்பெனியை விடாத"ம்பாருன்னு எதிர்பாத்தேன். அவர் வெத்தலையை மடிச்சுட்டே, "மில்லு நிலைன்னுதான் நாங்களும் நெனச்சோம்"னாரு. அவ்வளவுதான். மில் மூடினப்ப நமக்கெல்லாம் பதினாலு வயசு இருக்குமா? பாக்கிப் பணத்துக்கு யூனியன் ஆபீஸ் வாசல்ல அவர் நின்ன கதை உனக்கும் தெரியும். நம்ம ரெண்டு பேரையும் பாலிடெக்னிக்ல தள்ளிவிட்டதே அந்தப் பயந்தான். "கைத்தொழில் சோறு போடும்"னு. போட்டுச்சு, இல்லேங்கல. ஆனா 2022ல பம்ப்புக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 18 ஆச்சு, அதே வருஷம் கரண்ட் கட்டணம் ஏறிச்சு, ஃபிக்சட் சார்ஜ் ஏறினதுல மெஷின் சும்மா நின்னாலும் காசு. கணபதியில சின்ன ஜாப் ஒர்க் ஷெட்டெல்லாம் 'டு லெட்' போர்டு மாட்டிட்டு நிக்குது. எங்க கம்பெனி பெருசு, தாங்கும். எத்தனை நாளைக்கு? மெஷின்ல ராசண்ணன் கைக்கு ஆன விஷயம் உனக்குத் தெரியும், அதை எழுத வேண்டாம்.

உன் தங்கச்சி என்ன சொல்றாங்கறியா? "46 ஆயிரம் நிச்சயம், 32 ஆயிரம் ராத்திரி. ரெண்டும் இருக்கட்டும், நீங்க எப்பத் தூங்குவீங்க?"ன்னா. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. ஹவுசிங் லோன் 14 ஆயிரத்து சொச்சம்ங்கறதை எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லேன்னு அவளுக்குத் தெரியும்.

மாப்ள, இப்ப கேக்கறதை மட்டும் சிரிக்காமப் படி. சரவணம்பட்டியில ஒரு ஏஜென்சி என்னை முழு நேரத்துக்குக் கூப்பிடறாங்க. ஏசி ரூம், அஞ்சு நாள் வேலை. போய்ப் பாத்தேன். சின்னப் பசங்க, கெட்டிக்காரங்க, ஸ்க்ரீன்ல கிராஃப் ஏறுது இறங்குது. ஒரு வால்வு கம்பெனிக்கு விளம்பரம் எழுதிட்டிருந்தான் ஒருத்தன். கேட் வால்வுக்கும் குளோப் வால்வுக்கும் என்னப்பா வித்தியாசம்னு கேட்டேன். "அதெல்லாம் கிளையன்ட் குடுப்பாங்க சார்"னான். அவன் மேல தப்பில்ல. ஆனா பஸ்ல வரும்போது ஒண்ணு உறைச்சுச்சு. நானும் அந்த நாற்காலியில உக்காந்தா அஞ்சு வருஷத்துல அப்படித்தான் சொல்லுவேன். எனக்கு அந்தப் பேஸ் மாத்தற வரி எங்கிருந்து வந்துச்சு? மாமா கடையில லீவுக்கு லீவு மோட்டார் கழட்டினதுல வந்துச்சு. பவுண்டரிக்காரர் என்னை நம்பறது, அவர் காஸ்டிங்கை நான் மெஷின்ல போட்டு புளோஹோல் (உள்ள காத்து நின்ன ஓட்டை) பாத்துத் திட்டினவன்ங்கறதால. மெஷினை விட்டு விலகினா கைவசம் இருக்கறதை வெச்சு ஓட்டுவேன், அப்புறம் நானும் "சிறந்த 10 மிக்ஸி" ஆளுதான்.

அதோட, சொன்னா வெக்கமா இருக்கு, மெஷின்ல துளையைக் குடைஞ்சு முடிச்சு, அளவு பாக்க டயல் கேஜ் வெச்சுச் சுத்தும்போது முள்ளு அசையாம நிக்குது பாரு, அது எனக்கு இன்னும் பிடிச்சிருக்கு. விளம்பரத்துல 100 பேர் அமுக்கி 6 பேர் ஃபோன் பண்ணாங்கன்னு தெரியுது. மீதி 94 பேர் ஏன் பண்ணலேன்னு கடவுளுக்கே தெரியாது.

அதனால கம்பெனியை விடலாம், மெஷினை விட வேண்டாம்னு ஒரு நெனப்பு ஓடுது. இங்கதான் நீ வர்ற. புனே பக்கத்துச் சாகன்ல இருந்து திரும்பி வந்து செகண்ட் ஹேண்ட் விஎம்சி மில்லிங் மெஷின் போட்டு ஷெட் ஆரம்பிக்கறேன்னு பாலிடெக்னிக் கேன்டீன்ல இருந்து சொல்லிட்டிருக்க. நம்ம செட்ல அதை வெச்சு நடக்காத கிண்டலே இல்ல, நானும் கிண்டல் பண்ணியிருக்கேன். போன தீபாவளிக்கு வந்தப்ப மட்டும் நீ இடம், கரண்ட் சர்வீஸ் கிலோவாட் எல்லாம் கேட்ட. அதனால இப்ப நெஜமாவே கேக்கறேன்: ஷெட் வருதா? வந்தா வாரத்துல மூணு நாள் நான் உன் மெஷின்ல நிக்கறேன், ப்ரோக்ராம், செட்டிங் ரெண்டும் பாத்துக்கறேன், சம்பளம் பாதி போதும். மீதி மூணு நாள் என் வேலை. உன் ஷெட்டுக்கு ஆர்டர் பிடிக்கற வேலையும் அதுல சேத்தி, அதுக்குத் தனியா 8 ஆயிரம் கேக்க மாட்டேன், பயப்படாத.

வராதுன்னா வராதுன்னே எழுது. பாண்டுல கையெழுத்துப் போட்டுட்டு ராத்திரி வேலையை ரெண்டு பேரோட நிறுத்திக்கறேன், அதுவும் ஒண்ணும் கெட்டுப் போன பொழப்பில்ல. இடையில இழுக்கறதுதான் ஆகாது, மாசக் கடைசிக்குள்ள மேனேஜருக்குச் சொல்லியாகணும்.

அந்தப் புனே பார்ட்டி மெஷின் 11 லட்சம் சொன்னான்னியே, எந்த வருஷத்து மாடல், ஸ்பிண்டில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு, எத்தனை டூல் மேகசின்னு கேட்டு எழுது. மெஷினை ஓட்டற கண்ட்ரோலர் ஃபானக் கம்பெனியோடதுன்னா மேல பேசு. வேற ஏதாவதுன்னா நான் நேர்ல வந்து பாக்காம அட்வான்ஸ் குடுத்துடாத.

இப்படிக்கு,
உன் மாப்ள