எங்கள் பையனுக்காக நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெயர் போட்டு நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் இது பையனுக்கு வந்த பாண்டாஸ் பற்றியது, அதாவது ஸ்ட்ரெப் கிருமித் தொற்றுக்குப் பிறகு பிள்ளையின் நடத்தை திடீரென்று மாறிவிடும் நிலை. அவன் உடம்பு சம்பந்தப்பட்டது என்பதால் யார் பெயரும் இல்லாமல் எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி குழந்தைகள் டாக்டருக்கு. நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று தோல் உரியும்வரை கை கழுவ, சாப்பாட்டில் என்னவோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ள, கண்ணை ஓயாமல் சிமிட்ட, கழிப்பறைக்குப் போனால்கூட அம்மா வாசலில் நிற்க வேண்டும் என்று அழ ஆரம்பித்தான். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நீங்கள் மட்டும்தான் டாக்டர், "இது எந்த நாளில் ஆரம்பித்தது?" என்று கேட்டீர்கள். எங்களால் நாளைச் சரியாகச் சொல்ல முடிந்தது. அப்புறம் அவனுடைய நோட்டைக் கேட்டு வாங்கி, கையெழுத்து எந்தப் பக்கத்திலிருந்து கோணலாகிறது என்று புரட்டிப் பார்த்தீர்கள். தொண்டை வலி என்று அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஆனாலும் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து அனுப்பியதில் தொண்டைப் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியா கிருமி வளர்ந்திருந்தது.

கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடிகள் ஆள் மாறி மூளையின் ஆழத்தில் அசைவுகளையும் பழக்கங்களையும் ஒழுங்குபடுத்தும் பேசல் கேங்லியா என்ற பகுதியைத் தாக்குவதால் இப்படி ஆகலாம் என்றும், 1998-ல் அமெரிக்க மருத்துவர் சூசன் ஸ்வீடோவின் குழுவினர் இப்படிப்பட்ட 50 குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகுதான் பாண்டாஸ் என்ற பெயர் பரவியது என்றும், இதில் மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு என்றும் எதையும் மறைக்காமல் சொன்னீர்கள். ஸ்ட்ரெப் வந்து போனதைக் காட்டும் ஏஎஸ்ஓ என்ற ரத்தப் பரிசோதனையில் அளவு கூடியிருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பலருக்கு அது கூடுதலாகத்தான் இருக்கும் என்றீர்கள். ஸ்ட்ரெப்புக்குப் பிறகு கை கால் தானாக ஆடும், இதயத்தையும் பாதிக்கக்கூடிய ருமாட்டிக் காய்ச்சலோடு சேர்ந்த சிடன்ஹாம் கொரியாவாக இருக்குமோ என்று இதயத்தையும் பார்த்தீர்கள். ஆன்டிபயாடிக்கை முழுசாக முடிக்க வைத்தீர்கள். ஐவிஐஜி, அதாவது பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகளை நரம்பு வழியாக ஏற்றும் சிகிச்சை, போடலாமா என்று நாங்கள் பதறிக் கேட்டபோது, அது ரொம்பத் தீவிரமானவர்களுக்கு, இவனுக்கு இப்போது வேண்டாம் என்று நிதானமாகச் சொன்னீர்கள். அந்த நிதானம்தான் எங்களைத் தாங்கியது.

மனநல ஆலோசகர் அக்காவுக்கு என்ன சொல்வது! மருந்து கிருமியைக் கொன்றாலும் பயம் உடனே போய்விடாது என்று முதல் நாளே சொன்னது நீங்கள்தான். அழுக்கைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் கொஞ்ச நேரம் இருப்பது, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூட இருப்பது என்று அவன் வேகத்துக்கே கூட்டிப் போனீர்கள். "சுத்தமா இருக்கா?" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்கும்போது பதில் சொல்லாமல் இருக்க எங்களையும் பழக்கினீர்கள். பெற்றவர்களுக்கு அது அவனுடைய பயிற்சியைவிடக் கஷ்டம்.

தம்பிக்காக வீடே ஓடிக்கொண்டிருந்தபோது தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்ட எங்கள் மகளே, உனக்கும் நன்றி. உனக்குச் சேர வேண்டிய நேரத்தையும் அவன் எடுத்துக்கொண்டான், அது எங்களுக்குத் தெரியும் கண்ணு.

கடைசியாக வகுப்பு டீச்சர். எழுத முடியாத நாட்களில் வாயால் பதில் சொல்லவிட்டீர்கள், மற்ற பிள்ளைகள் கேலி செய்யாமல் பார்த்துக்கொண்டீர்கள். வகுப்பில் யாருக்காவது ஸ்ட்ரெப் வந்தால் அன்றைக்கே எங்களுக்குச் சொன்னீர்கள், அதனால்தான் இரண்டாவது முறை வந்தபோது சீக்கிரமே பிடிக்க முடிந்தது. அடுத்த வருட டீச்சரிடமும் இதைச் சொல்லி வைத்திருக்கிறீர்களாமே, அதற்கும் சேர்த்து நன்றி டீச்சர்.