பொங்கலுக்குப் பறவை எண்ணுவோம்

எல்லோருக்கும் வணக்கம். தமிழகம் முழுக்க 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இந்த முறை நம் குடியிருப்பும் சேர்கிறது. மாட்டுப்பொங்கலன்று காலை 6.30க்கு மொட்டைமாடிக்கு வந்துவிடுங்கள்.

போனில் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின், பார்த்த பறவைகளின் பட்டியலை ஏற்றும் ஈபேர்ட் இரண்டு செயலிகளும் வேண்டும். இரண்டும் இலவசம். மெர்லினில் இந்தியப் பறவைத் தொகுப்பைத் தனியாக இறக்க வேண்டும். பெரிய கோப்பு, வீட்டு வைஃபையிலேயே முடித்துவிடுங்கள். குரலைக் கேட்டே பெயர் சொல்லும். அதை அப்படியே நம்பி ஈபேர்டில் ஏற்றாதீர்கள், கண்ணாலும் பாருங்கள். குறைந்தது 15 நிமிடம் எண்ண வேண்டும். காக்கை, புறா எல்லாம் கணக்கில் உண்டு (போன வருடம் காக்கையை நான்தான் விட்டுவிட்டேன்!). பெயர் தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம்.

அப்புறம், பி பிளாக் துணிக்கொடியில் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. சிலந்தி நூலில் சருகும் மரப்பட்டைத் துணுக்கும் ஒட்டி, பக்கவாட்டில் வாசல் வைத்து, பழைய துணிக்கந்தல் மாதிரி தொங்குகிறது. குப்பை என்று பிய்த்துவிடாதீர்கள். கிட்டப் போய்ப் படமும் எடுக்க வேண்டாம். குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்த வீட்டுத் துணிகளுக்கு எங்கள் கொடியில் இடம் உண்டு.

பைனாகுலர் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். வருகிறவர்கள் இங்கேயே பெயர் போடுங்கள்.