வேர்டு கோப்பில் வேதிக் கட்டமைப்பு: ஆட்-இன் இருந்தும் ஏன் மங்கல் படம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்திலும் மாணவர் பகுதியிலும் வெளியாகும் மூலக்கூறு அமைப்புகள் பல நேரங்களில் மங்கலாகவும், பிணைப்புக் கோடுகள் பல்பல்லாகவும் அச்சாகின்றன. அச்சகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டுரையாளர் வேர்டு கோப்பில் கட்டமைப்பைச் சேர்க்கும்போதே கோளாறு தொடங்கிவிடுகிறது. ஆய்வேடு, வினாத்தாள், பாடக்குறிப்பு என்று எதை எடுத்தாலும் இதே நிலைதான். இணையத்தில் கிடைத்த படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். பெரிதாக்கினால் அது உடைகிறது. ஒரு பிணைப்பைத் திருத்த வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டியதுதான். இதற்கென்றே ஆட்-இன்கள், அதாவது வேர்டோடு இணைந்து இயங்கும் துணை மென்பொருள்கள், இருக்கின்றன. அவற்றை நிறுவியவர்களின் கோப்பிலிருந்தும் கடைசியில் உயிரற்ற படமே வந்து சேர்கிறது என்பதால்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

விலையில்லாமல் கிடைப்பது கெம்ஃபார்வேர்டு. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மரே-ரஸ்டின் குழுவும் சேர்ந்து தொடங்கிய திட்டம் இது. 2010இல் சோதனைப் பதிப்பு வெளிவந்தது. இப்போது திறமூல மென்பொருளாக இருக்கிறது. விண்டோஸ் கணினியில் நிறுவப்பட்ட வேர்டில் மட்டுமே இயங்கும். மேக் கணினிக்கோ உலாவியில் திறக்கும் வேர்டுக்கோ இது கிடையாது.

வேர்டை முழுவதும் மூடிவிட்டு இதை நிறுவ வேண்டும். மறுபடி திறந்தால் ரிப்பனில் ‘கெமிஸ்ட்ரி’ என்ற டேப் தெரியும். கர்சரை வேண்டிய இடத்தில் வைத்து வரையும் பொத்தானை அழுத்தினால் தனிச் சாளரம் திறக்கும். அதிலேயே வரையலாம். மூலக்கூறின் அணுக்களையும் பிணைப்புகளையும் பதிவு செய்யும் மால் கோப்பு கையிலிருந்தால் இறக்குமதி செய்யலாம். பெயரைத் தட்டி பப்கெம் தரவுத்தளத்திலிருந்தும் எடுக்கலாம். முறைப்படியான ஐயுபேக் பெயரை ஆங்கிலத்தில் கொடுத்தால் ஆப்சின் என்ற சேவை அதைக் கட்டமைப்பாக மாற்றித் தரும். பெயரில் முப்பரிமாண அமைப்பைக் குறிக்கும் ஆர், எஸ் குறிகளை விட்டுவிட்டால், அந்த அமைப்பைக் காட்டும் ஆப்பு வடிவப் பிணைப்பே இல்லாத தட்டையான கட்டமைப்புதான் கிடைக்கும். மருந்துப் பெயரைத் தேடும்போது ஹைட்ரோகுளோரைடு உப்பும் தனி மூலக்கூறும் அருகருகே பட்டியலில் வரும். முதலில் இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடக் கூடாது.

நேற்றுவரை இருந்த டேப் இன்று காணவில்லை என்பது அடிக்கடி கேட்கும் புகார். வேர்டு ஒருமுறை திடீரென்று நின்றுபோனால், பழியை ஆட்-இன் மேல் போட்டு அதை முடக்கி வைத்துவிடும். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய், கீழே உள்ள ‘மேனேஜ்’ பட்டியலில் ‘டிசேபிள்டு ஐட்டம்ஸ்’ தேர்ந்து ‘கோ’ அழுத்தினால் முடக்கப்பட்டது அங்கே இருக்கும். அங்கும் இல்லையென்றால் அதே பட்டியலில் ‘காம் ஆட்-இன்ஸ்’ திறந்து டிக் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருப்பது வீண்.

கட்டமைப்பு கோப்புக்குள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதன் நகல் ஒன்றின் பின்னொட்டை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்தால் ‘கஸ்டம்எக்ஸ்எம்எல்’ என்ற கோப்புறை தெரியும். கெம்ஃபார்வேர்டு மூலக்கூறைச் சிஎம்எல் என்னும் வேதியியல் குறிமொழியில் எழுதி அங்கேதான் வைக்கிறது. மரே-ரஸ்டும் ஹென்றி ரெப்பாவும் உருவாக்கிய மொழி அது. எந்த அணு எந்த அணுவோடு எத்தகைய பிணைப்பில் இருக்கிறது என்பது முழுக்க அதில் பதிவாகும். பக்கத்தில் நாம் காண்பது அந்தத் தரவிலிருந்து வரையப்பட்ட தோற்றம். அதனால்தான் ஒரே மூலக்கூறை ஓரிடத்தில் படமாகவும், வரிக்கு நடுவே பெயராகவும், இன்னோரிடத்தில் கீழ்க்குறி சரியாக அமைந்த வாய்ப்பாடாகவும் காட்டச் சொல்ல முடிகிறது.

அந்தத் தரவு அழிந்துவிட்டால் தோற்றம் மட்டும் எஞ்சும். பழைய டாக் வடிவில் சேமிப்பது அதற்கு நிச்சயமான வழி. கட்டமைப்பைத் தாங்கும் ‘கன்டென்ட் கன்ட்ரோல்’ என்னும் பெட்டி அந்த வடிவத்தில் இல்லை. மேலே தலைப்புப் பட்டையில் ‘கம்பேட்டிபிலிட்டி மோடு’ என்று தெரிந்தால், முதலில் ஃபைல், இன்ஃபோ, கன்வர்ட் என்று மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். இன்னொரு அழிவு வழி யாரும் எதிர்பாராதது. கோப்பை வெளியே அனுப்புமுன் எழுதியவர் பெயர் போன்ற தகவல்களை நீக்க ‘டாக்குமென்ட் இன்ஸ்பெக்டர்’ ஓட்டுகிறோம் அல்லவா? அதில் ‘கஸ்டம் எக்ஸ்எம்எல் டேட்டா’ என்று ஒரு வரி வரும். அதன் எதிரே ‘ரிமூவ் ஆல்’ அழுத்தினால் கோப்பிலுள்ள அத்தனை மூலக்கூறுகளும் ஒரே சொடுக்கில் போய்விடும். பக்கத்தில் எதுவும் மாறியதாகத் தெரியாது. பிறகு யாராவது திருத்தத் திறக்கும்போதுதான் விஷயம் வெளிவரும். ஒரு ஆவணத்திலிருந்து இன்னொன்றுக்குக் கட்டமைப்பைக் காப்பி செய்யும்போதும் தரவு கூடவே வந்துவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. சிஎம்எல் அல்லது மால் கோப்பாக ஏற்றுமதி செய்து அங்கே இறக்குமதி செய்வதே பத்திரம்.

கெம்டிரா, கெம்ஸ்கெட்ச் போன்ற தனி மென்பொருள்களில் வரைந்து வேர்டில் ஒட்டுவோர் இன்னும் அதிகம். அவை ஓஎல்ஈ முறையில் இயங்குகின்றன. கண்ணுக்குத் தெரியும் படம் ஒன்று, அதன் பின்னால் ‘எம்பெடிங்ஸ்’ கோப்புறையில் மூல வரைவு ஒன்று என இரண்டும் கோப்பில் இருக்கும். இரட்டைச் சொடுக்கு செய்தால் மூல வரைவு திறக்கும். அதே மென்பொருள் இல்லாத கணினியில் படம் தெரியும், சொடுக்கினால் ‘சர்வர் அப்ளிகேஷன்’ கிடைக்கவில்லை என்ற செய்திதான் வரும். ஒட்டும்போது ‘பேஸ்ட் ஸ்பெஷலில்’ படம் என்று தேர்ந்தாலும், கோப்பைக் கூகுள் டாக்ஸில் ஏற்றி இறக்கினாலும் மூல வரைவு போய்விடும். விண்டோஸிலும் மேக்கிலும் மாறி மாறித் திருத்தப்படும் கோப்பிலும் இந்த இணைப்பு அறுந்துபோவதுண்டு. ஆகவே மென்பொருளின் சொந்தக் கோப்பைத் தனியாகச் சேமித்து வைக்காமல் வேர்டை மட்டுமே நம்புவது ஆபத்து.

அளவு விஷயத்தில் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். வரைந்து முடித்துவிட்டு மூலையைப் பிடித்து இழுத்துப் பொருத்துவதுதான் வழக்கமாகிவிட்டது. ஒரு பக்கத்தில் பென்சீன் வளையம் பெரிதாகவும் அடுத்த பக்கத்தில் சிறிதாகவும், எழுத்து ஓரிடத்தில் 10 பாயின்ட்டும் இன்னோரிடத்தில் 6 பாயின்ட்டும் ஆகிவிடுகிறது. வரையத் தொடங்கும் முன்பே பாணியைத் தேர்ந்துவிட வேண்டும். அமெரிக்க வேதியியல் சங்க இதழ்களுக்கான ‘ஏசிஎஸ் டாக்குமென்ட் 1996’ அமைப்பு பல வரைபொருள்களில், அதாவது வரையும் மென்பொருள்களில், ஆயத்தமாகவே இருக்கிறது. அதில் பிணைப்பின் நீளம் 14.4 பாயின்ட், அதாவது 0.508 செ.மீ. கோட்டின் தடிமன் 0.6 பாயின்ட், தடித்த பிணைப்பின் அகலம் 2 பாயின்ட், இரட்டைப் பிணைப்பின் இடைவெளி நீளத்தில் 18 சதவீதம், எழுத்து ஏரியல் 10 பாயின்ட். வேர்டில் ஒட்டியபின் அளவு 100 சதவீதத்திலேயே இருக்க வேண்டும்.

அகலம் போதுமா என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். வளைந்து வளைந்து செல்லும் கார்பன் சங்கிலியில் ஒவ்வொரு பிணைப்பும் பக்கவாட்டில் சுமார் 0.44 செ.மீ. எடுத்துக்கொள்ளும். இருபுறமும் 2.54 செ.மீ. ஓரம் விட்ட ஏ4 தாளில் எழுதுமிடம் 15.92 செ.மீ. ஆக 36 பிணைப்புகள் கொள்ளும். அந்தச் சங்க இதழ்களின் ஒற்றைப் பத்தி 8.46 செ.மீ. அதில் 19தான். அதற்கு மேல் போனால் வினைத் தொடரை இரண்டு வரியாக உடைக்க வேண்டுமே தவிர, சுருக்கக் கூடாது.

வேர்டு தன் பங்குக்குச் செய்யும் குறும்புகளும் உண்டு. ஒட்டிய கட்டமைப்பு நூல் அளவுக்கு மட்டும் தெரிந்தால், அந்தப் பத்தியின் வரி இடைவெளி ‘எக்ஸாக்ட்லி’ என்று இருக்கிறது என்று பொருள். ‘சிங்கிள்’ ஆக்கினால் முழுதாகத் தெரியும். படத்தை ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’ நிலையிலேயே விட்டால் பக்கம் பக்கமாக ஓடாது. வேதிப்பெயரில் அடைப்புக்குறிக்குள் ஆங்கில ஆர் எழுத்தைத் தட்டினால் ஆட்டோகரெக்ட் அதைப் பதிவு வணிகக் குறியாக்கிவிடும். சீ எழுத்து காப்புரிமைக் குறியாகிவிடும். இந்த இரண்டு விதிகளையும் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் பகுதியிலுள்ள பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். நீண்ட பெயர் சிறுகோட்டில் முறிந்து அடுத்த வரிக்குப் போகாமலிருக்க, கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு சிறுகோடு தட்ட வேண்டும். படமாகத்தான் சேர்க்க வேண்டிய கட்டாயம் என்றால், ஆப்ஷன்ஸில் ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குப் போய்ப் படங்களைச் சுருக்க வேண்டாம் என்று டிக் செய்யுங்கள். வேர்டு வழக்கமாகப் படத்தை அங்குலத்துக்கு 220 புள்ளிகளாகக் குறைத்துவிடும். மேற்சொன்ன சங்கமோ கோட்டுப் படங்களுக்கு 1200 கேட்கிறது. தமிழ் விளக்கத்தை வரைபடத்துக்குள் எழுதாமல் கீழே வேர்டிலேயே எழுதுவது நல்லது. தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத வரைபொருளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது, ஒட்டிய படத்தை வேர்டிலேயே ‘ஃப்ளிப் ஹரிசான்டல்’ செய்வது. அம்புக்குறி இடப்பக்கம் இருக்கிறது, மூலக்கூறின் கீட்டோன் அந்தப் பக்கம் பார்க்கட்டும் என்று திருப்பிவிடுகிறார்கள். கைரல் மூலக்கூறை, அதாவது தன் ஆடிப்பிம்பத்தோடு பொருந்தாத மூலக்கூறை, திருப்பினால் கிடைப்பது அதன் ஆடிப்பிம்பம், அதாவது வேறொரு பொருள். நைட்ரஜன் இருந்தால் அதன் ஆங்கில எழுத்து இடவலம் மாறி நம்மைக் காட்டிக்கொடுக்கும். கார்வோன் என்னும் மணப்பொருளில் எழுத்தாக இருப்பது ஆக்சிஜனின் வட்டம் ஒன்றே. திருப்பினாலும் அது வட்டமாகவே இருக்கும், யாருக்கும் ஐயம் வராது. ஆனால் ஆர்-கார்வோன் ஸ்பியர்மின்ட் மணம் தருவது. அதன் ஆடிப்பிம்பமான எஸ்-கார்வோன் கேரவே விதையின் மணம் தருவது. திருப்ப வேண்டுமானால் வரைபொருளுக்குள் திருப்பி, கைரல் மையத்தின் ஆர், எஸ் குறி மாறவில்லையென்று பார்த்துவிட்டு ஒட்ட வேண்டும். ஆப்புப் பிணைப்பின் கூர்முனைதான் கைரல் மையத்தில் இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே கவனித்துவிடலாம்.

சரிபார்க்க வாய்ப்பாடு மட்டும் போதாது. ஆஸ்பிரினை எடுத்துக்கொள்வோம்: 9 கார்பன், 8 ஹைட்ரஜன், 4 ஆக்சிஜன், மூலக்கூறு நிறை 180.16. வளையத்தோடு எஸ்டரின் ஆக்சிஜன் இணைய வேண்டிய இடத்தில் கார்பனைல் கார்பனை இணைத்துத் தலைமாற்றி வரைந்துவிட்டால் அது மோனோமெத்தில் தாலேட் ஆகிவிடும். அதற்கும் 9, 8, 4தான்; நிறையும் அதேதான். இந்தப் பிழையைப் பிடிப்பது, கட்டமைப்பிலிருந்து கணிக்கப்படும் அடையாளக் குறியீடான இன்சி-கீ. 27 குறிகள் கொண்ட இதன் முதல் 14 எழுத்துகள் அணுக்களின் இணைப்பைப் பொறுத்தவை. ஆஸ்பிரினுக்கு அது பி, எஸ், ஒய், என் என்று தொடங்கும். பப்கெம் காட்டும் இன்சி-கீயோடு நம்முடையது பொருந்தினால் இணைப்பு சரி. சிறுகோட்டுக்குப் பின்வரும் பகுதி ஸ்டீரியோ விவரத்தை, அதாவது முப்பரிமாண அமைப்பை, சார்ந்தது. இரு கார்வோன்களுக்கும் முதல் பகுதி ஒன்றாகவும் இந்தப் பகுதி வேறாகவும் இருக்கும். கைரல் மூலக்கூறுக்கு அது யு, எச், எஃப், எஃப் என்று தொடங்கினால் ஸ்டீரியோ விவரமே பதிவாகவில்லை என்று அர்த்தம். ஆப்பு எங்கோ விடுபட்டிருக்கிறது.

ஆட்-இன் நிறுவ வழியில்லாதவர்கள், லிப்ரெஆஃபிஸ் பயன்படுத்துபவர்கள் ஆகியோருக்கு உலாவியில் இயங்கும் கெட்சர் போதும். திறமூல மென்பொருள்தான். வரைந்ததை எஸ்விஜி படமாகவும் மால் கோப்பாகவும் சேமித்து, எஸ்விஜியை ஆவணத்தில் சேர்க்கலாம். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. மால் கோப்பில் அணு, பிணைப்பு, ஆப்பு எல்லாம் இருக்கும். நிறமும் வினை அம்புக்குறியும் இருக்காது. முழு வினையென்றால் ஆர்எக்ஸ்என் கோப்பாகச் சேமிக்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வேதியியல் கட்டுரை அனுப்புவோரிடம் டாக்எக்ஸ் கோப்போடு, கட்டமைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு மால் கோப்பும் அதன் இன்சி-கீயும் கேளுங்கள். கோப்பின் பெயர் கட்டுரையிலுள்ள பட எண்ணாகவே இருக்கட்டும். தங்கள் பக்க வடிவமைப்பாளர் அதைக் கெட்சரில் திறந்து எஸ்விஜியாக எடுத்துக்கொள்ளலாம். பத்தி அகலத்துக்கு ஏற்ப எல்லாக் கட்டமைப்புகளையும் ஒரே விகிதத்தில் மாற்றினால் வளையங்களின் அளவு ஒன்றுபோல இருக்கும். பக்கம் அச்சுக்குப் போகுமுன் அதன் பிடிஎஃப் நகலைக் கட்டுரையாளருக்கு அனுப்பி, 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஆப்புகளையும் கீழ்க்குறிகளையும் மட்டும் பார்த்துத் தரச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
வேதியியல் ஆவணங்களைத் தொகுக்கும் வாசகர்