டிகாக்‌ஷனோடு வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு வணக்கம்.

பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை நடந்த கச்சேரிக்காக எங்கள் காபிஹவுஸ் குழுவின் செயலாளர் ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம் எழுதி, கூடத்தின் கதவில் ஒட்டியிருக்கிறார். நல்ல கடிதம்தான். ஆனால் அதில் உங்கள் பங்குக்கு ஒரே வரி: ‘காபி கொண்டுவந்த தமிழ் நண்பர்களுக்கும் நன்றி.’ அந்த ‘உம்’ எனக்கு உறுத்தியது. அதனால் தனியாக இதை எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. போட்டால் விட்டுப்போனவர்கள் யார் என்று ஒரு பஞ்சாயத்து கிளம்பும். போன பொங்கல் விழாவிலேயே அதைப் பார்த்தாயிற்று.

அன்று வராதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. காபிஹவுஸ் என்று சொன்னதும் “கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?” என்று கேட்டவர்கள் உங்களில் உண்டு. கடை ஏதும் இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை, சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் மடக்கு நாற்காலி போட்டு, காபியும் கேக்கும் வைத்து, நாட்டுப்புறப் பாடகர் ஒருவரைப் பாடச் சொல்வோம். மதுபானம் கிடையாது. வேலை செய்பவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. இங்கே, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், இது பழைய வழக்கம். கேம்பிரிட்ஜில் 1958-ல் திறந்த ‘கிளப் 47’ என்ற காபிஹவுஸில்தான் நாட்டுப்புறப் பாடகி ஜோன் பயஸ் பாட ஆரம்பித்தார். அவர் பெயர் நாடெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். அதன் வாரிசு இன்றும் ‘பாஸிம்’ என்ற பெயரில் நடக்கிறது. நாங்கள் அதற்கு ஒன்றுவிட்ட பேரப்பிள்ளைகள் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அன்று மூன்று மணிக்குப் பனிப்புயலில் மரம் சாய்ந்து, கம்பி அறுந்து, எங்கள் தெரு முழுக்க மின்சாரம் போனது. ஹீட்டர் நின்றது. 40 கோப்பை காபி போடும் மின்சாரப் பாத்திரம் வெறும் தகரமாக உட்கார்ந்திருந்தது. பாடுகிறவர்களோ பக்கத்து மாநிலமான வெர்மான்டிலிருந்து கிளம்பிவிட்டார்கள், போன் கிடைக்கவில்லை. ரத்து செய்யலாம் என்று செயலாளரும் நானும் ஏறக்குறைய முடிவுக்கு வந்த நேரத்தில்தான் உங்களில் ஒருவருக்குப் போன் செய்து, “வீட்டில் பெரிய பிளாஸ்க் இருக்குமா?” என்று கேட்டேன். கேட்டது அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்ததை உங்களுக்கே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் போனை வைத்த அரைமணி நேரத்துக்குள் உங்களில் மூன்று வீடுகளில் பில்டரில் வெந்நீர் ஊற்றியிருக்கிறீர்கள். டிகாக்‌ஷன் நம் அவசரத்துக்கு இறங்காது, அது சொட்டுகிறபடிதான் சொட்டும் என்பது தெரிந்தவர்கள் செய்கிற காரியம் அது. ஆறரைக்கு நீங்கள் பனிக்காலணியோடு படியிறங்கி வந்தபோது, சர்ச் சமையலறையின் பழைய கேஸ் அடுப்பைத் தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்தேன். ஒரு காலன் கேன்களிலிருந்து பால் அண்டாவுக்குப் போனது. அதன் பிறகு ஒரு அக்கா கைக்கு ஒரு பாத்திரமாக எடுத்துக்கொண்டு காபியை ஆற்றத் தொடங்கினார். ஒரு முழம் உயரத்திலிருந்து கோடாக இறங்கிய காபியைப் பார்க்க, டிக்கெட் வாங்க நின்ற வரிசை அப்படியே சமையலறைப் பக்கம் திரும்பிவிட்டது. காகிதக் கோப்பையில் நுரையோடு காபி வாங்கியவர்கள் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். “கஃபீன் இல்லாதது இருக்கிறதா?” என்று வழக்கமாகக் கேட்பவர்கூட அன்று கேட்கவில்லை. அவர் தூங்கினாரா என்று நான் விசாரிக்கவில்லை.

மெழுகுவத்திக்கு சர்ச்சில் தடை. தீபாவளிக்கு வாங்கிய பேட்டரி அகல்விளக்குகளைப் பையோடு கொண்டுவந்த குடும்பத்துக்கு என் தனி வணக்கம். பிளாஸ்டிக் அகல் என்று உங்களை முன்பு கேலி செய்தவன் நான். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மைக் இல்லாததால் பாடகி மேடையை விட்டிறங்கி எங்கள் நடுவில் வந்து நின்றார். நாற்காலிகளை நெருக்கிப் போட்டோம். குளிருக்கும் அது நல்லதாகப் போயிற்று. எப்போதும் உறுமும் பிரிட்ஜ் அன்று மூச்சுவிடவில்லை. பான்ஜோவின் தந்தியை அவர் நகம் தட்டும் ஓசை தனியாகவும் சுரம் தனியாகவும் கேட்டது. துணைக்கு வந்த ஃபிடில்காரர் பாவம், வறண்ட குளிரில் தந்தியை இறுக்கும் முறுக்காணி வழுக்கிக்கொண்டே இருந்தது. பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்த்தார். அப்புறம் பாடகி டல்சிமர் என்ற தந்தி வாத்தியத்தை மடியில் வைத்து மீட்டினார். ஒரு தந்தியில் மெட்டு, மற்றவை சும்மா ரீங்கரிக்கும். “சுருதிப் பெட்டியை உள்ளேயே வைத்துக் கட்டியிருக்கிறார்களே” என்றார், மகளைப் பார்க்க நாகப்பட்டினத்திலிருந்து வந்திருக்கும் அம்மா.

அந்த அம்மாவுக்குத்தான் இந்த மடலில் பாதி. கடைசியில் கப்பல்காரர்களின் பாட்டு ஒன்று வந்தது. கயிறு இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் இழுப்புக்கு இழுப்பு பதில் பாடும் வகை. எங்களுக்குப் பின்பாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பாடகி ஆரம்பித்தார். இரண்டாவது சுற்றில், இழுக்க வேண்டிய இடத்தில் மிகச் சரியாக, பின்வரிசையிலிருந்து “ஏலேலோ!” என்று ஒரு குரல். அம்மா உடனே சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். “பழக்கதோஷம்” என்றார் மகளிடம். பாடகி நிறுத்தவில்லை, அடுத்த இழுப்புக்கு அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அம்மா இந்த முறை தலைப்பை எடுத்துவிட்டே பாடினார், கூடவே ஒரு “ஐலசா”வும். நான்காவது சுற்றில் 60 பேரும் ஏலேலோதான். ஆங்கில வார்த்தை என்ன என்பதே மறந்துபோயிற்று.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன்: படிக்கட்டில் இரண்டு முறை பனி வாரிய பள்ளி மாணவர்கள், பாடகர்களை இரவு தங்கவைத்த தம்பதி, இருட்டில் தட்டு ஏந்தி வசூலித்தவர். பாடகர்களுக்கு அறிவித்த தொகையைக் குறைக்காமல் கொடுத்தனுப்ப முடிந்தது.

மின்சாரம் ஞாயிறு மத்தியானம் வந்தது.

ஒரு பில்டரின் மேல்மூடியும் இரண்டு டபராவும் சர்ச் சமையலறையில் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கின்றன. உரியவர்கள் அடுத்த மாதம் வரும்போது எடுத்துக்கொள்ளலாம். நாகப்பட்டினத்து அம்மாவுக்கு ஏப்ரலில்தான் திரும்பும் டிக்கெட் என்று கேள்விப்பட்டேன். முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டுவைக்கிறேன்.

அன்புடன்,
காபி மேசைப் பொறுப்பாளன்